பார்த்ததைச் சொல்லப் பழக்குதல்
வாசகர் கேள்வி – பதில்

ஒரு குழு ஜிம்னாஸ்டிக்ஸ் செய்துகாட்ட, மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வகுப்பு முறை குறித்து மும்பை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர், பெற்றோர், பயிற்சியாளர், மாணவி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

எங்கள் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு ஆறு பேராகச் சேர்ந்து இரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை அமைக்கிறார்கள். ஒரு குழு முடித்ததும் மற்றவர்களிடம் கருத்துக் கேட்டால், "சூப்பர்", "மஸ்த்" என்ற இரண்டு சொற்களுக்குமேல் எதுவும் வருவதில்லை. அல்லது யார் தடுமாறினார் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். உருப்படியாகச் சொல்ல எப்படிப் பழக்குவது?
— ஆசிரியை, சயான்

பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அவர்களுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆறு உடல்கள் ஒரே நேரத்தில் அசையும்போது கண் தன் போக்கில் இரண்டு இடங்களுக்குத்தான் போகும்: ஒன்று நெருங்கிய தோழியிடம், மற்றொன்று விழுந்தவரிடம். நீங்கள் கேட்கும் "மஸ்த்" தோழியைப் பார்த்ததன் விளைவு. சிரிப்பு, விழுந்தவரைப் பார்த்ததன் விளைவு.

பன்னாட்டுப் போட்டிகளில் பல ஆண்டு பயிற்சி பெற்ற நடுவர்களிடம்கூட எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கும்படி ஒப்படைப்பதில்லை. கலை ஜிம்னாஸ்டிக்ஸில் 2006 முதல், செய்யப்படும் அசைவுகளின் கடினத்தை ஒரு குழுவும், அவை எவ்வளவு செம்மையாகச் செய்யப்பட்டன என்பதை வேறொரு குழுவும் கவனிக்கின்றன. ஐந்து பேர் சேர்ந்து வளையமும் பந்தும் நாடாவும் கொண்டு ஆடும் ரிதமிக் குழுப்பிரிவில், இரண்டேகால் முதல் இரண்டரை நிமிடம்வரை நீளும் நிகழ்ச்சிக்குக் கடினம், கலைநயம், செம்மை என மூன்று தனித்தனி நடுவர் குழுக்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கே வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, பத்து வயதுப் பிள்ளையிடம் "பார்த்துவிட்டு ஏதாவது சொல்" என்று கேட்டால், "ஏதாவது"தான் கிடைக்கும்.

ஆகவே நிகழ்ச்சி தொடங்கும் முன்பே, பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். ஒருவர், ஒன்று முதல் எட்டுவரை திரும்பத் திரும்ப எண்ணும் எட்டெண்ணிக்கையை மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, குழு எந்த எண்ணிக்கையில் பிரிந்துபோகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் தரையிறங்குவதை மட்டும் பார்க்கட்டும்: பாதங்கள் ஊன்றியபோது முழங்கால் மடங்கியதா, அப்படியே நின்றார்களா, கூடுதலாக ஓர் அடி வைத்தார்களா. மூன்றாமவர், பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழலும் கார்ட்வீலில் கை, கை, கால், கால் என்ற வரிசையும் அவை ஒரே கோட்டில் விழுகின்றனவா என்பதும். நான்காமவர் வட்டத்திலிருந்து வரிசைக்கு மாறும்போது இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்பது. மெத்தைமேல் சாக்பீஸில் கோடு போட்டுவிட்டால் கார்ட்வீலைப் பார்ப்பவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

எங்கே நின்று பார்ப்பது என்பதும் முக்கியம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளையும் சுவரோரமாக ஒரே வரிசையில் உட்கார வைத்தால் எல்லோரும் ஒரே காட்சியைத்தான் காண்பார்கள். கால் எந்த உயரத்துக்குப் போகிறது, தலைகீழாகக் கைகளில் நிற்கும் கைந்நிலையில் (ஹேண்ட்ஸ்டாண்ட்) தோள் மணிக்கட்டுக்கு நேர்மேலே இருக்கிறதா என்பவை பக்கவாட்டிலிருந்துதான் தெரியும். அமைப்பும் இடைவெளியும் முன்னாலிருந்து, முடிந்தால் இரண்டு படி உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் தெளிவாகும். மழைக்காலத்தில் மைதானம் இல்லாமல் மண்டபத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வகுப்பு நடத்துவீர்கள் என்று நினைக்கிறேன். மேடையின் படிக்கட்டு இதற்குப் போதும்.

சொல்லும் முறைக்கு ஒரு சட்டகம் தேவை. "எப்போது, யார், என்ன நடந்தது" என்ற மூன்றும் இருந்தால் அது கருத்து. "இரண்டாவது எட்டின் ஐந்தாம் எண்ணிக்கையில் இடப்பக்கம் இருந்த இருவர் கையை முன்னதாகவே தூக்கிவிட்டார்கள்" என்பதைக் கேட்ட குழுவுக்கு உடனே ஒரு வேலை கிடைக்கிறது. "டைமிங் சரியில்லை" என்பதைக் கேட்டவர்களுக்கு வருத்தம் மட்டுமே மிஞ்சும். பாராட்டுக்கும் இதே விதிதான். "கடைசி முன்கரணத்தில் மூன்று பேரும் மெத்தையில் கையை ஊன்றாமலே எழுந்தார்கள்" என்பது "சூப்பர்" என்பதைவிடப் பெரிய பாராட்டு, ஏனென்றால் எதை விடாமல் காப்பாற்ற வேண்டும் என்பதையும் அது சொல்கிறது.

முதல் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் பார்வைக்கு வைக்காதீர்கள். நீங்களே ஒரு முன்கரணத்தை வேண்டுமென்று பிழையாகச் செய்யுங்கள், அல்லது உடல் இடம் தராவிட்டால் ஒரு காணொளியைக் காட்டுங்கள். தாடை மார்போடு ஒட்டவில்லை, எழும்போது கையை ஊன்றினீர்கள் என்று அவர்கள் உங்களைத் திருத்தட்டும். ஆசிரியர் திருத்தப்படுவதைப் பிள்ளைகள் அபாரமாக ரசிப்பார்கள்; அந்த ரசனையிலேயே முறையும் பழகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கருத்தைக் கேட்ட குழு அதே வகுப்பில், அடுத்த சில நிமிடங்களுக்குள், அந்தப் பகுதியை மீண்டும் செய்ய வேண்டும். அதே பார்வையாளர்தான் அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். மறுமுறை செய்ய வாய்ப்பில்லாத கருத்து வெறும் தீர்ப்பு. ஒரு பாடவேளையில் ஐந்து குழுக்களைப் பார்த்து முடிக்க முடியாதே என்பீர்கள். முடிக்க வேண்டாம். இரண்டு குழுக்களை இருமுறை பாருங்கள். மற்றவை அடுத்த வகுப்புக்கு நிற்கட்டும். இரண்டு நிமிட நிகழ்ச்சியை முழுவதும் பார்க்கவேண்டும் என்பதும் இல்லை. ஒரு முறைக்கு இரண்டு எட்டெண்ணிக்கைகள் போதும். அதற்குள்ளேயே இந்த வயதுப் பிள்ளைகள் பார்த்து, சொல்லி, திருத்திக்கொள்ளத் தேவையான அளவு இருக்கிறது.

*

பிள்ளைகளை ஒருவருக்கொருவர் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். ஆசிரியரின் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதனால் என்ன பயன்?
— ஒரு தந்தை, செம்பூர்

இரண்டு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். சக மாணவர் கருத்துச் சொல்வது வேறு, மதிப்பெண் போடுவது வேறு. முதலாவதை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே ஏற்கிறது. மாணவரின் முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு தன்மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஆசிரியரின் கண் ஒரு பிள்ளைமேல் எத்தனை விநாடி நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். தோழனின் முழங்கால் மடங்குவதைக் கவனிக்கப் பழகிய பிள்ளை தன் முழங்காலையும் கவனிக்கத் தொடங்குகிறது. பார்ப்பவருக்குக் கிடைக்கும் இந்தப் பயன், கேட்பவருக்குக் கிடைப்பதைவிடப் பெரிது என்றுகூட நான் சொல்வேன்.

மதிப்பெண் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பத்து என்ற எண்ணுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு கவர்ச்சி உண்டு. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து பெற்றபோது, அந்த எண்ணைக் காட்ட இடமில்லாத மதிப்பெண் பலகை 1.00 என்று காட்டிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் நடுவர்கள் வாய்க்கு வந்தபடி எண் போடுவதில்லை. செம்மைக்கான பத்திலிருந்து சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5, விழுந்தால் 1 என்று விதிப்புத்தகத்தின்படி கழிக்கிறார்கள். அந்த விதிகள் தெரியாத பிள்ளை போடும் ஏழும் எட்டும் நட்பையும் பகையையும்தான் அளக்கும். மேலும் எண்ணைக் கேட்டவுடன் பிள்ளையின் காது மூடிக்கொள்கிறது. "உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை" என்ற பேச்சில் முழங்கால் மறந்துபோகிறது.

குழு ஜிம்னாஸ்டிக்ஸுக்கு மதிப்பெண் இல்லாத ஒரு பெரிய மரபும் உண்டு. உலக ஜிம்னஸ்ட்ராடா என்ற விழா 1953இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து சிறுவர் முதல் முதியோர்வரை குழுக்குழுவாக வந்து செய்துகாட்டுகிறார்கள். பதக்கமும் தரவரிசையும் கிடையாது. பள்ளி ஆண்டு விழா நிகழ்ச்சி ஒலிம்பிக்கைவிட இதற்குத்தான் நெருக்கமானது. பள்ளியிடம் பேசும்போது சக மாணவர் கருத்தையே நிறுத்தச் சொல்லாமல், எண்ணை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

*

என் மகளுக்குப் பத்து வயது. தோழிகளைவிடச் சற்றுப் பருமன். கருத்துச் சொல்லும் நேரத்தில் ஒரு பெண், "இவள் நின்றால் வரிசை அழகாக இல்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறாள். இனிமேல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று மகள் அழுகிறாள். ஆசிரியரிடம் பேசுவதா, பெரிதாக்காமல் விடுவதா?
— ஒரு தாய், மாதுங்கா

பேசுங்கள், நாளைக்கே. அந்தப் பெண்ணின் மேல் புகாராகக் கொண்டுபோகாமல், வகுப்பில் ஒரு விதி வேண்டும் என்ற கோரிக்கையாகக் கொண்டுபோனால் ஆசிரியர் தற்காப்புக்குப் போகாமல் கேட்பார். அந்த விதி இதுதான்: அடுத்த முறை செய்யும்போது மாற்றிக்கொள்ளக்கூடியதை மட்டுமே சொல்லலாம். முழங்காலை நீட்டலாம், அரை எண்ணிக்கை பொறுக்கலாம், அரையடி தள்ளி நிற்கலாம். எடை, உயரம், நிறம், முடி, உடை ஆகியவற்றை அடுத்த முறைக்குள் யாராலும் மாற்ற முடியாது. ஆகவே அவை பேச்சுக்கே வரக்கூடாது. கருத்துரை பற்றிய ஆராய்ச்சியில் பெரிதும் எடுத்தாளப்படும் ஹாட்டி, டிம்பர்லி இருவரின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரையும், செயலைப் பற்றியும் அதைச் செய்யும் முறையைப் பற்றியும் சொல்லப்படுபவைதான் கற்றலுக்கு உதவுகின்றன என்றும், ஆளைப் பற்றிச் சொல்லப்படுபவை, புகழ்ச்சியே ஆனாலும், மிகக் குறைவாகவே பயன்படுகின்றன என்றும் சொல்கிறது.

அந்தச் சொல் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டதால், விதியும் அதே எல்லோர் முன்னிலையிலும்தான் அறிவிக்கப்பட வேண்டும். உங்கள் மகளைத் தனியே அழைத்து ஆறுதல் சொல்வது மட்டும் போதாது. வரிசை அழகாக இல்லை என்பதில் உண்மை ஏதேனும் இருந்தால், அது வரிசையை அமைத்தவர் தீர்க்க வேண்டிய கணக்கு. உயரமும் பருமனும் வேறுபட்டவர்களை முக்கோணமாகவோ வளைவாகவோ நிறுத்தினால் அந்த வேறுபாடே அமைப்புக்கு அழகு சேர்க்கும்.

சொன்ன பெண்ணைக் கொடியவளாக நினைக்க வேண்டாம். எதைப் பார்ப்பது என்று சொல்லித்தராமல் பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்கள் பார்ப்பதை அவள் பார்த்தாள். கல்யாண மண்டபத்து வாசலிலேயே "இளைச்சுட்டியே", "பெருத்துட்டியே" என்று நலம் விசாரிக்கும் குடும்பங்கள்தானே நாம்? வீட்டில் மகளிடம் மெலிவதைப் பற்றி இப்போது ஒரு சொல்லும் பேசாதீர்கள், ஆறுதலாகக்கூட. அந்த நிகழ்ச்சியில் எந்தப் பகுதி அவளுக்குப் பிடிக்கும் என்று கேட்டு, அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

*

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். என் தோழியின் ஹேண்ட்ஸ்டாண்டில் முழங்கை மடங்குகிறது. மேடை ஏறும் முன் அதைச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள், இப்போது பேசுவதில்லை. நான் சொன்னது தவறா?
— மாணவி, முலுண்ட்

நீ பார்த்தது சரியாகத்தான் இருக்கும். முழங்கை மடங்கினால் உடலின் பாரம் தோளில் தங்காது, நிலையும் ஆடும். அதைக் கவனிக்கும் கண் உனக்கு இருக்கிறது. ஆனால் சொன்ன நேரம் பொருந்தவில்லை. மேடை ஏறும் முன் கேட்டதை வைத்து அவளால் பழக முடியாது. பயப்பட மட்டுமே முடியும். அந்த நேரத்தில் சொல்லக்கூடியது, அவளுக்கு ஏற்கெனவே நன்றாக வரும் ஒன்றை நினைவூட்டுவதுதான். மற்றதை அடுத்த ஒத்திகைக்கு வைத்துக்கொள்.

ஒத்திகையிலும், நீயாகத் தொடங்குவதற்கு முன், "இந்த முறை நான் எதைப் பார்க்கட்டும்?" என்று அவளையே கேள். காலைப் பார் என்று அவள் சொன்னால் காலை மட்டும் பார்த்துச் சொல். முழங்கையைப் பற்றி அவளே ஒரு நாள் கேட்பாள். அப்போதும் "மடங்குகிறது" என்பதோடு நிறுத்தாமல், "தரையைக் கையால் தள்ளுவதுபோல நினைத்துப் பார்" என்று செய்யக்கூடிய ஒன்றைச் சேர்த்துச் சொல். உன்னைப் பற்றியும் அவள் ஏதாவது பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள். திருத்துபவளாகவே எப்போதும் ஒருத்தி இருந்தால் தோழமை நிலைக்காது.

இப்போதைக்கு அவளிடம் போய், நேரம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல். முழங்கை மடங்கியது உண்மைதானே என்று அதனுடன் சேர்க்காதே.

*

பத்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தரை ஜிம்னாஸ்டிக்ஸும் கம்பத்தில் ஏறிச் செய்யும் மல்லகம்பமும் கற்பிக்கிறேன். பிரமிட் அமைக்கும் பகுதியில் பிள்ளைகளையே கருத்துச் சொல்ல விடலாமா? கோகுலாஷ்டமி நெருங்கும்போது ஒருவர்மேல் ஒருவர் ஏறி, உயரத்தில் கட்டிய தயிர்ப்பானையான ஹண்டியை உடைக்கும் ஆசையில் எல்லோருமே நிபுணர்களாகிவிடுகிறார்கள்.
— பயிற்சியாளர், தாதர்

விடலாம், ஓர் எல்லைக்குள். "இன்னொரு அடுக்கு ஏற்றலாம்", "இவன் மேலே நிற்கத் தயார்" என்பவை கருத்துகள் அல்ல, முடிவுகள், அவை உங்களுடையவை. தெருவில் ஹண்டி உடைக்கும் கோவிந்தாக்கள் அடுக்கடுக்காக ஏறுவதைப் பார்த்து வளரும் மும்பைப் பிள்ளைக்கு உயரம்தான் வெற்றியாகத் தெரியும் என்பதால், இந்த எல்லையை முதல் நாளே அறிவித்துவிடுவது நல்லது. பார்ப்பவர்கள் அடுக்கின் உயரத்தைப் பற்றிப் பேசவே கூடாது. நிலையைப் பற்றி மட்டும் பேசலாம்.

மண்டியிட்டு அமைக்கும் எளிய பிரமிடில் அவர்கள் பார்க்க வேண்டியவை தெளிவானவை. கீழே இருப்பவரின் கைகள் தோளுக்கு நேர்கீழேயும், முழங்கால்கள் இடுப்புக்கு நேர்கீழேயும் இருக்கின்றனவா? முதுகு பலகைபோலத் தட்டையாக இருக்கிறதா, நடுவில் தொய்கிறதா? மேலே ஏறுபவரின் முழங்கால் கீழிருப்பவரின் இடுப்பெலும்பின்மேலும், கை தோளின்மேலும் அமர்கின்றனவா, நடுமுதுகில் அழுத்துகின்றனவா? இறங்கும்போது மேலே இருந்தவர் முதலில், நிதானமாக இறங்கினாரா, அல்லது எல்லோரும் ஒரேயடியாகச் சரிந்தார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏறுவதைக் கைதட்டிப் பார்ப்பவர்கள் இறங்குவதைப் பார்ப்பதே இல்லை.

கருத்து வேறு, நிறுத்தச் சொல்வது வேறு என்பதைப் பிள்ளைகள் பிரித்து அறிய வேண்டும். கருத்து, முடிந்தபின் வரிசைப்படி சொல்லப்படுவது. வலித்தாலோ, கை வழுக்கினாலோ, மூச்சு முட்டினாலோ அதைச் சொல்ல யாரும் வரிசைக்குக் காத்திருக்கக்கூடாது. எல்லோருக்கும் புரிந்த ஒரே சொல்லை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல், மேலிருந்து கீழாக இறங்கிவிட வேண்டும். சொன்ன பிள்ளையைப் பிறகு யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஒரு முறை கேலி செய்ய விட்டால், அடுத்த முறை வலியைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முடிந்தபின் கருத்துச் சொல்லும் வரிசையில் அடித்தளத்தில் இருந்தவர்களுக்கே முதலிடம் கொடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாததை அவர்கள் தோள் அறிந்திருக்கும். தாங்கிப் பிடிக்க நிற்கும் உதவியாளர்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம். அவர்கள் கவனம் முழுவதும் கையில் இருக்கட்டும்.

*

கைப்பேசியில் எடுத்துக் காட்டினால் பிள்ளைகள் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள். இதில் தவறுண்டா?
— உதவி ஆசிரியர், நவி மும்பை

நல்ல வழிதான்; மெதுவாக ஓட்டிக் காட்டினால் தரையிறங்கும் கணத்தை ஒவ்வொருவரும் தாமே பார்த்துக்கொள்ளலாம். பெற்றோரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள், பள்ளியின் கருவியிலேயே எடுங்கள், அன்றே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே மாமாவும் அத்தையும் கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அவர்களுக்கு எட்டெண்ணிக்கை தெரியாது. முதலில் ஆடியவர்களே பார்த்துத் தங்களைப் பற்றிச் சொல்லட்டும், பிறகு மற்றவர்கள்.

*

எங்கள் வகுப்பில் தமிழ், மராத்தி, இந்தி பேசும் பிள்ளைகள் கலந்திருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பொதுவில் பேசக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார்கள். என்ன செய்யலாம்?
— ஆசிரியை, தாராவி

பேச்சைக் குறைத்துச் செய்கையைக் கூட்டுங்கள். எண்ணிக்கை பிசகும் இடத்தில் கையை உயர்த்துவது, மடங்கிய முழங்காலைத் தன் உடலில் செய்துகாட்டுவது, இடைவெளி கூடிய இடத்தில் போய் நிற்பது ஆகிய மூன்றுக்கும் மொழி தேவையில்லை. பேச வேண்டிய இடத்தில் முதலில் இருவர் இருவராகத் தமக்கு வரும் மொழியில் பேசிக்கொள்ளட்டும். பிறகு அவர்களில் ஒருவர் வகுப்புக்குச் சொல்லட்டும். ரோல், கார்ட்வீல், லேண்டிங் போன்ற பெயர்கள் மூன்று மொழிப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை என்பதால், அவற்றைப் படத்துடன் சுவரில் ஒட்டிவிட்டால் சுட்டிக்காட்டியே பாதியைச் சொல்லிவிடலாம். பார்வையாளர் வேலைகளைப் பிரிக்கும்போது, கூச்சமுள்ள பிள்ளைக்கு எட்டெண்ணிக்கையை உரக்க எண்ணும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்; எந்த மொழியில் எண்ணுவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும், குழு அதற்கேற்ப ஆடட்டும்.